கண்ணாடிக்கு இறங்காத ஒளி

தூத்துக்குடியில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் வெளிச்சம் வேண்டுமென்று ஜனம் அந்தக் கல்யாண மண்டபத்தில் முண்டியடித்தது. எட்டயபுரத்திலிருந்து ஒரு வேன், விளாத்திகுளத்திலிருந்து ஒரு வேன். உள்ளே ஒளிச்சாமி எழுந்தருளியிருந்தார். பிள்ளை இல்லாத தம்பதியரில் குறை யாரிடம் என்று அவருடைய பெட்டிக்குள் எரியும் நீல ஒளி சொல்லிவிடுமாம். டாக்டர் என்றால் ரத்தம் எடுப்பார், ஸ்கேன் எடுப்பார். சாமிக்குப் பட்டுத்துணி போர்த்திய பெட்டி போதும்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பகவதி, மகன் செந்தில்முருகனையும் மருமகள் பிரேமாவையும் இழுத்து வந்திருந்தாள். குறை மருமகளிடம் என்று தெரிந்துவிட்டால் மகனுக்கு வேறு பெண். ஜாதகம்கூட வந்தாயிற்று. செந்தில்முருகன் அம்மா காட்டிய இடத்தில் உட்கார்ந்தான். ஊரில் அவனுக்கு நல்ல பிள்ளை என்று பெயர்.

ஆணுக்குத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, பெண்ணுக்குக் கண்ணாடித் துண்டு. கையில் வைத்து வேண்டிக்கொண்டு சாமியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பெட்டிக்குள் வைப்பார்; துண்டில் சூரியன் படம் விழுந்தால் குறை இல்லை. கடற்கரைக் கிறிஸ்தவர்கள் வந்தால் சூரியனுக்குப் பதில் சிலுவை. பெட்டிக்கு மதவெறி கிடையாது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க! ஒளியைப் பார்த்தா பார்வை போயிரும்!" என்றார் சாமி.

அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

பிரேமா கண்ணை மூடினாள். காதையும் மூக்கையும் மூடவில்லை. பெட்டிக்குள் சின்ன மின்விசிறி இரைந்தது. கருகிய சிரட்டை வாடை வந்தது. வீட்டு மாடியில் ஒரு சின்ன லேசர் மெசின் வைத்து மரப்பலகையில் பெயர் செதுக்குகிறவள் அவள். அதே இரைச்சல், அதே வாடை! வாங்கிய புதிதில் கண்ணாடி டம்ளரில் பெயர் எழுதப் பார்த்து மல்லுக்கட்டியிருக்கிறாள். அந்த நீல ஒளி தெளிந்த கண்ணாடியை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். கறுப்புச் சாயம் பூசினால்தான் எழுத்து விழும். மரம், சிரட்டை, தோல் என்றால் உடனே கருகிப் பதியும்.

சாமி துண்டுகளை உயர்த்திக் காட்டினார். சிரட்டையில் சூரியன். கண்ணாடி வெறுமை.

"பொண்ணுக்கு ஒளி இறங்கல. பரிகார மை வாங்கிக் கண்ணாடியில பூசிட்டு வந்தா இறங்கும்."

மை என்ன நிறம்? வேறென்ன, கறுப்பு.

"நான் அப்பமே சொன்னேம்லா!" என்று பகவதி திருப்தியாக அழுதாள்.

பிரேமா சாமியிடம் கையை நீட்டினாள். "சாமி, துண்டை மாத்தித் தாங்க. அவுக கண்ணாடி பிடிக்கட்டும், நான் சிரட்டை பிடிக்கேன்."

"அது ஆச்சாரம் இல்லம்மா."

"ஏளா, சாமிட்ட எதுத்தா பேசுத?" என்று சீறினாள் பகவதி.

"கேள்விதான் கேக்கேன் அத்தை. குறை என்கிட்டன்னா சிரட்டையிலயும் விழக்கூடாதுல்லா?"

கூட்டத்திலிருந்து அந்தோணியம்மாள் எழுந்தாள். இதே பெட்டியின் தீர்ப்பால் அவள் மகள் புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்து நிற்கிறாள். "ஓய் சாமி! அந்தப் பிள்ளை கேக்கது நியாயந்தானே. மாத்திக் குடும்!"

பெண்கள் எல்லோரும் எழுந்து வாசலை மறித்தார்கள். சாமிக்கு வேறு வழியில்லை. பிரேமாவின் சிரட்டையில் சூரியன் பளிச்சென்று விழுந்தது. செந்தில்முருகனின் கண்ணாடி துடைத்துவைத்தது போல் இருந்தது.

"கூட்டத்துல ஒளி குழம்பிட்டு…" என்று சாமி வேர்த்தார்.

பிரேமா வாசலுக்குப் போய்ச் சாமியின் தோல் செருப்பை எடுத்து வந்தாள். எல்லோரையும் கண் மூடச் சொல்லிவிட்டு, செருப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். புகை அடங்கியதும் தூக்கிக் காட்டினாள். செருப்பில் அம்சமான சூரியன்!

"சாமி செருப்புக்கு ஒரு குறையும் இல்ல அத்தை. பிள்ளை பெத்துரும்."

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. அந்தோணியம்மாள் பட்டுத்துணியை உருவி எறிந்தாள். உள்ளே ஒரு மெசின், ஒரு மின்விசிறி, ஒரு ஒயர். அவ்வளவுதான் தெய்வம். சமையற்கட்டு வழியாக ஓடிய சாமியைப் பந்தல்காரர்கள் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். முதல்ல என்னைப் பார்க்கட்டும்," என்றான் செந்தில்முருகன், அம்மாவைப் பார்க்காமல்.

மண்டபம் இப்போது காலி. அருள்வாக்குச் சொல்கிற வேறொருவர் வாடகை விசாரித்திருக்கிறாராம். வரட்டும். மருமகளை இழுத்துக்கொண்டு வேன் ஏறுகிற புண்ணியவான்களே, இந்தத் தடவை மூளையையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்குத் தனி டிக்கெட் கிடையாது.