வைரக்கண்ணு வீட்டு மதில்

மதில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து முடித்து, பிள்ளைகள் வாய்க்காலில் கை கழுவப் போன நேரத்தில்தான் முருகையன் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு டீச்சர் அழிச்சீங்க?"

ஃபிளோரா டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுக்குச் சுவரை வெள்ளையாக்கியதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்றல்லவா நினைத்தார்?

"இது எங்க கட்சி ரிசர்வ் பண்ணின சுவருங்க. அடுத்த தேர்தல் வரைக்கும்னு நீல எழுத்துல ஆள் உயரத்துக்கு இருந்துச்சே, பாக்கலையா?"

பார்த்தார்தான். அதையும் அழுக்கோடு அழுக்காகச் சேர்த்துவிட்டார்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பள்ளி அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாணவர்கள் சேவைக்குப் போக வேண்டும். இந்த முறை வைரக்கண்ணுவே தாளாளர் ஃபாதரைத் தேடி வந்து, மதிலுக்கு வெள்ளையடித்துத் தரும்படி கேட்டார். மகன் சிங்கப்பூரில். வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லை, எல்லாரும் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டார்கள். மகனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் வீட்டு வாசலைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள் போலிருக்கிறது. ஃபாதர் மனம் இளகி, பிளஸ் ஒன் பிள்ளைகளோடு ஃபிளோராவை அனுப்பிவைத்தார்.

ஃபிளோரா தற்காலிக ஆசிரியை. நிரந்தர இடம் ஒன்று ஜூனில் காலியாகிறது. "சாயங்காலம் நானே வந்து பாக்கறேன் டீச்சர், அப்புறம் பேசுவோம்" என்று ஃபாதர் சொல்லியிருந்தார். கணவர் ஜோசப்ராஜ் குவைத்து வேலை போய்த் திரும்பி வந்து வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இந்த வேலையும் கைநழுவினால் வீடு ஓடாது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, இருந்த மாதிரியே எழுதிக் குடுத்துடறோம்" என்றார் முருகையனிடம்.

பிள்ளைகளில் ஜெக்கரியாவுக்குக் கையெழுத்து அழகு. சுண்ணாம்பில் கலக்க வைத்திருந்த நீலத்தைக் கரைத்து, பழையதைவிட எடுப்பாக எழுதிவிட்டான். முருகையன் தள்ளி நின்று பார்த்து, "கட்சி ஆபீஸ்ல கூட இப்படி எழுத ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வைரக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நமக்கு எதுக்குங்க பொல்லாப்பு" என்று பொதுவாகச் சொன்னார்.

பிள்ளைகள் மோர் குடித்து முடிக்கவில்லை, ரெத்தினத்தின் டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது. அவர் எதிர்க்கட்சி. முருகையனுக்குச் சொந்த மச்சான், ஆனால் தேர்தல் நெருங்கினால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"ஏன் டீச்சர், பள்ளிக்கூடம் எப்ப அந்தக் கட்சியில சேந்துச்சு? புள்ளைங்களை வச்சு வெளம்பரம் எழுத வைக்கிறீங்க! ஃபாதருக்குப் போன் போடட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க!"

"போன தேர்தலுக்கு இது எங்க சுவரு. கேளுங்க அவரை."

வைரக்கண்ணு ஆகாயத்தைப் பார்த்தார். "அவரும் எழுதினாரு, இவரும் எழுதினாரு. என்னைய யாரு கேட்டா?"

ஃபிளோரா பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தார்கள். வாளி காலி. "கவலைப்படாதீங்க டீச்சர், இன்னொரு பானை ஊறப் போட்டிருக்கேன்" என்று வைரக்கண்ணு எழுந்து உள்ளே போனார். இப்படி ஒரு நல்ல மனிதரா என்று டீச்சருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

மறுபடி அடித்தார்கள். எந்தக் கட்சிக்கும் சேராத ஒரு வாசகத்தை எழுதிவிட்டால் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிடலாம் என்று சான்ட்ரா யோசனை சொன்னாள். எல்லாருக்கும் பிடித்துப்போனது. 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்கள்.

இம்முறை மச்சான்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

"எந்தத் தண்ணிய டீச்சர்?" என்றார் முருகையன். "சம்பாப் பயிர் கருகிக் கெடக்கு. ஆத்துல மணல்தான் ஓடுது. எங்க ஆட்சியக் குத்திக் காட்டறீங்களா?"

"அவரு ஆட்சிய இல்ல, எங்க ஆட்சியைத்தான் குத்தறாங்க" என்றார் ரெத்தினம் விட்டுக்கொடுக்காமல். "நாங்க இருந்தப்பவும்தான் தண்ணி வரலை."

இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஃபாதரிடம் போவோம் என்று இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறப் போனார்கள்.

ஃபிளோராவுக்குப் பொறுமை போய்விட்டது. பிள்ளைகளின் கையெல்லாம் சுண்ணாம்பு அரித்துச் சிவந்திருந்தது. ஜெக்கரியா தும்மித் தும்மிக் கண் கலங்கி நின்றான். வேலை போனால் போகட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"போங்க, தாராளமாப் போங்க. இந்தப் புள்ளைங்க எல்லாரும் சுத்துப்பட்டு ஊர்ப் புள்ளைங்கதான். ஒவ்வொரு வீட்லயும் ஓட்டு இருக்கு. வெயில்ல எம் புள்ளையை இந்தப் பாடு படுத்தினது யாருன்னு அப்பா அம்மா கேட்டா, ரெண்டு பேரு பேரையும் சொல்லச் சொல்றேன்!"

வண்டி கிளம்பவில்லை.

"சேச்சே, சின்னப் புள்ளைங்க சேவை பண்றதை நாங்க தடுப்பமா? அவரு எழுதலேன்னா நானும் எழுதல" என்றார் ரெத்தினம்.

"இந்தச் சுவத்துல இனிமே யாருமே எழுத வேண்டாம். வெள்ளையாவே இருக்கட்டும்" என்றார் முருகையன்.

வைரக்கண்ணு மூன்றாவது பானையைக் கொண்டுவந்து வைத்தார்.

வெயில் தாழ ஃபாதர் வந்தபோது மதில் கண்ணைப் பறித்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஜூன்ல இருந்து நீங்க பர்மனென்ட் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபிளோராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வைரக்கண்ணுவின் மனைவி தர்மாம்பாள் காபி கொண்டுவந்து கொடுத்தார். ஃபிளோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, நாங்க சுண்ணாம்பு மட்டையைக் கீழ வைக்கறதுக்குள்ள அந்த ரெண்டு பேருக்கும் எப்படித்தான் தெரிஞ்சுதோ?"

"எங்க வீட்டுக்காரருதான் ஒவ்வொரு தடவையும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாரு டீச்சர். ஒரு கோட்டு சுண்ணாம்பு அடிச்சா நீல எழுத்து உள்ளேருந்து தெரியுமாம், மூணு கோட்டாவது வேணுமாம்."