ஒழுங்கையால் கூருக்குப் போன கதை

சுவிஸ் நாட்டின் பெரிய நெடுஞ்சாலைகள் எல்லாம் பேர்ணில் இருக்கிற மத்திய அரசாங்கத்தின் சொந்தச் சொத்து என்றும், பேர்ணில் அகதி வழக்குக் கிடக்கிற ஒருவன் அந்த ரோட்டில் காரை ஏற்றினால் அது நேரே அரசாங்கத்தின் மடியில் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம் என்றும் நான் நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். (முட்டாள்தனத்துக்கும் ஆதாரத்துக்கும் ஒரு நாளும் பகை இருந்ததில்லை.)

முதல் ஆதாரம் என் அப்பா. யாழ்ப்பாணத்தில் ரோட்டு போடுகிற அரசாங்கப் பகுதியில் ஓவசியராக இருந்தவர். எந்த ரோட்டு கொழும்புக்குச் சொந்தம், எந்தச் சின்ன ஒழுங்கை கிராமசபைக்குச் சொந்தம் என்று சோறு தின்னும்போதும் வகுப்பெடுப்பார். பெரிய ரோட்டுக்குக் கொழும்பிலிருந்து காசு வரும், தார் வரும். பிற்காலத்தில் அதே ரோட்டால் ஆமியும் வந்தது. ஒழுங்கைக்குத் தாரும் வரவில்லை, ஆமியும் வரவில்லை. ஆகையால் எண்பதுகளில் என் வயதுப் பெடியன் ஒருவன் ஓரிடத்துக்குப் போவதென்றால் ஒழுங்கையால்தான் போவான். பெரிய ரோட்டால் போனால் ஆமி மறிக்கிற சென்றியில் இறங்கி, அடையாள அட்டையைப் பிடித்தபடி கையை உயர்த்திக்கொண்டு நடக்க வேண்டும். ஒழுங்கையால் போனால் நாய் மட்டும்தான் கடிக்கும்.

இரண்டாவது ஆதாரம் ஸ்டிக்கர். நான் வின்டர்தூரில் உணவகமொன்றில் சட்டி கழுவிக்கொண்டிருந்த எண்பத்தைந்தாம் ஆண்டில்தான், பெரிய ரோட்டில் ஓடுகிற கார்கள் எல்லாம் முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டவேண்டும் என்ற சட்டம் வந்தது. எங்கள் அகதி விடுதியில் எல்லாச் சட்டத்துக்கும் உரை சொல்லுகிற சந்திரன் அண்ணை அதற்கும் உரை சொன்னார்.

"உது ரோட்டுப் பாஸ்போட்டு கண்டியோ. ஒட்டினவன்ரை பேர் பேர்ணிலை கிடக்கும். அவன் எங்கை போறான், எப்ப வாறான் எல்லாம் அங்கை தெரியும்."

"ஸ்டிக்கர் எப்பிடி அண்ணை சொல்லும்?"

"அது உனக்கு விளங்காது. விஞ்ஞானம்."

எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஆனால் நம்புவதற்கு விளங்கவேண்டிய அவசியம் இல்லைத்தானே?

இப்படி அறிவு முற்றியிருந்த வைகாசி மாதத்தில், பள்ளித் தோழன் குகன் மலைகளுக்கு அப்பால் இருக்கிற கூர் நகரத்திலிருந்து ரெலிபோன் எடுத்தான். அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அவனுக்குக் கலியாணம்; பெண் சுமதி ஊரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள், தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பேசியாயிற்று. முகூர்த்தம் பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில். அந்த நேரத்தைச் சுமதியின் அம்மா ஊரில் சாதகம் பார்க்கிற சாத்திரியாரிடம் கேட்டு எழுதி அனுப்பியிருந்தா. சுமதியின் பக்கத்தில் அந்தக் கலியாணத்துக்கு வரக்கூடிய ஒரே சொந்தம் அந்த நேரம்தான். ஆகவே அதில் ஒரு நிமிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"ஐயரைக் கூட்டிக்கொண்டு வா. உன்னட்டை லைசென்ஸ் கிடக்கெல்லோ?" என்றான்.

"ஓம், நீ பயப்பிடாதை" என்றேன். (பயப்பட வேண்டியவன் அவன்தான் என்பது இருவருக்கும் தெரியாது.)

ஐயர் என்றால் பாலா ஐயர். வின்டர்தூர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை செய்தவர். எங்களுக்குத் தெரிந்து கலியாண மந்திரம் முழுதாகத் தெரிந்த ஒரே மனிதர். அவரை விட்டால் அடுத்த ஐயர் லண்டனில். ரெயினில் போயிருக்கலாம். ஆனால் அவரோடு ஓமகுண்டம், தேங்காய், அரிசி, அதற்கு மேல் ஓர் அம்மி. பெண் கால் வைக்க அம்மி வேண்டும். அந்த அம்மியைத் தூக்கிக்கொண்டு ரெயின் மாறினால் ஐயருக்கு அடுத்த கலியாணம் செய்துவைக்க இடுப்பு இருக்காது. ஆகவே எங்கள் குசினியின் இத்தாலியச் சமையல்காரன் ஜூசெப்பேயிடம் அவனுடைய கிழட்டுக் காரை இரவல் வாங்கினேன்.

காரில் அவனுடைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்ததே பிறத்தியார் பாஸ்போட்டில். இனிப் பிறத்தியார் ஸ்டிக்கரிலும் பிடிபட்டால்?

"ஐயா, காருக்குச் சந்தனம் வைக்கிறதெண்டா அந்த ஸ்டிக்கருக்கு மேலை வையுங்கோ. வடிவாய் அப்பி வையுங்கோ."

"ஏன் தம்பி?"

"அதுதான் நல்ல இடம்."

வேட்டி சால்வையோடு நின்ற ஐயர் உள்பக்கமாகக் கையை விட்டு, ஸ்டிக்கரே தெரியாமல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். வெளிப்பக்கத்தால் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. அவசரத்தில் இருவரும் அதை யோசிக்கவில்லை. பிறகு நான் இறங்கிப் பார்த்துவிட்டு வெளியிலும் ஒரு குண்டு அப்பச் சொன்னேன். கார் இப்போது நெற்றியில் அடிபட்டவன் போல இருந்தது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பெரிய ரோட்டால் போனால் ஒன்றரை மணி நேரப் பயணம். இந்த நாட்டில் பெரிய ரோட்டுக்குப் பச்சைப் பலகை, மற்றப் பிரதான ரோட்டுக்கு நீலப் பலகை. ஊர் எல்லையில் பச்சைப் பலகையைக் கண்டதும் என் கை தன்பாட்டில் நீலத்தின் பக்கம் திருப்பியது.

"தம்பி, பச்சைப் பக்கமெல்லே போகவேணும்?"

"அது பேர்ணின்ரை ரோட்டு ஐயா. என்ரை கேஸ் பேர்ணிலை கிடக்கு. உங்கடை கேஸ் எங்கை கிடக்கு?"

ஐயர் பச்சைப் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என்ரையும் அங்கைதான்."

"அப்ப ஒழுங்கையாலை போவம்."

"ஓம், ஒழுங்கையாலையே போம்."

வேறு நாட்டுக்காரன் என்றால் காரணம் கேட்டிருப்பான். ஐயர் யாழ்ப்பாணத்தவர்.

சுவிஸ் ஒழுங்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை எங்கேயோ போகப் புறப்பட்டு, நடுவில் மனம் மாறி, ஒரு மாட்டுக்கொட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். இரண்டு தடவை ஒரே தேவாலயத்தைக் கடந்தோம். மூன்றாம் தடவை ஐயர் அதற்கும் கும்பிடு போட்டார். வழியில் பெற்றோல் முடியப் பார்த்தது. நிரப்பிக்கொண்டு ஒருவாறு ரொக்கன்பூர்க் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து மலை ஏறத் தொடங்கியபோது மணி பத்தாகிவிட்டது. ஐயர் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் மாடுகள் வந்தன. கோடைக்கு மாடுகளை மலைக்கு ஓட்டிப்போகிற காலமாம். கழுத்தில் குடமளவு மணி, கொம்பில் பூ. மஞ்சள் காற்சட்டை போட்ட மனிதர்கள் முன்னால் நடக்க, ரோட்டு முழுவதும் மாடு.

"உதுகள் கலியாணத்துக்கு எங்களிலும் பாக்க வடிவாய் வெளிக்கிட்டு நிக்குதுகள்" என்றார் ஐயர்.

மாட்டின் பின்னால் மாட்டின் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பொலிஸ் கார் வந்து, நிறுத்தச் சொல்லி விளக்குப் போட்டது.

அதன் பிறகு நான் செய்தது எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. என் உடம்பு செய்தது. காரை நிறுத்தினேன். அகதி அட்டையை எடுத்தேன். இறங்கினேன். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு பொலிசை நோக்கி நடக்கத் தொடங்கினேன். மறுபக்கக் கதவால் ஐயரும் இறங்கி அப்படியே கையை உயர்த்தினார். ஆனால் அவர் அடுத்த அடி வைத்தபோது வேட்டி அவரோடு வரவில்லை. வின்டர்தூரில் ஏறியபோதே அதன் ஒரு முழம் கதவிடுக்கில் அகப்பட்டு வெளியே தொங்கியிருக்கிறது. இறங்கியபின் கதவைச் சாத்தியதில் இன்னும் இரண்டு முழம் மாட்டிக்கொண்டது. ஐயர் குளிருக்குப் பயந்து உள்ளே போட்டிருந்த நீளக் கம்பளிக் காற்சட்டையோடும் பூணூலோடும் மலைச்சாரலில் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். மாடுகளும் நின்று பார்த்தன.

பொலிஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துப்பாக்கிப் பக்கம் அவர் கை போகவே இல்லை. தன் பின்னால் யாராவது துப்பாக்கியோடு நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. பிறகு மெதுவாகப் போய்க் கதவைத் திறந்து, வேட்டியை உருவி, புழுதியைத் தட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பியபடி ஐயரிடம் நீட்டினார். அவர் மறித்ததே அதற்காகத்தான். வேட்டி கார்ச் சில்லில் சுற்றப்போகிறது என்று சொல்ல வந்த மனிதர்.

"கையை இறக்கலாமோ தம்பி?"

"அவர் சொல்லட்டும் ஐயா."

"கை இறக்காமல் வேட்டி எப்பிடிக் கட்டுறது?"

பொலிஸ்காரர் காரைச் சுற்றி வந்தார். கண்ணாடியில் இருந்த சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார், மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பின்பெட்டியில் அம்மியைக் கண்டு நெடுநேரம் நின்றார். அதைக் காட்டி என்னவோ கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த டொச், அதாவது ஜெர்மன் மொழி, கையளவு. "கல்" என்றேன். அது கல் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஏன் என்று கேட்டார். "கலியாணம். கூர். பதினொன்றரை" என்றேன். கலியாணத்துக்கு ஏன் கல் என்று விளக்க என் டொச்சில் இடமில்லை. (இன்றைக்கும் இல்லை.)

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். கைலேஞ்சியை எடுத்து ஸ்டிக்கரில் இருந்த சந்தனத்தை உள்ளும் வெளியும் நன்றாகத் துடைத்தார். தன் பின்னால் வரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, மாடுகளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார். மலை இறங்கி ரைன் ஆற்றுச் சமவெளிக்கு வந்ததும் எதிரே பச்சைப் பலகை. பொலிஸ் கார் அதற்குள்ளே போனது.

"ஐயா, பேர்ணுக்குக் கொண்டுபோறான்!"

"பேர்ண் மேற்கிலை எல்லோ? வெய்யிலைப் பார்த்தா நாங்கள் தெற்காலை போறம்."

"தெற்காலை போய்த் திருப்புவான்."

ஐயர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். கலியாண மந்திரம் இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஸ்டிக்கர் என்னைப் பார்த்தது. அப்படியே கொஞ்சத் தூரம் ஓடியபின், கூர் இருக்கிற கிறவ்புண்டன் மாநிலத்தின் பெயர்ப்பலகை கண்ணில் படுகிற இடத்துக்குச் சற்று முன்னால், பொலிஸ் கார் ஓரத்து வழியால் கழன்றது. பொலிஸ்காரர் யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நேரே போ என்று ஆட்டினார். அவருடைய மாநிலம் அதோடு சரியாம்.

எனக்குத் தலை சுற்றியது. ரோட்டு பேர்ணுடையது என்றால் அதில் மாநிலப் பொலிசுக்கு என்ன வேலை? மாநிலத்துடையது என்றால் ஸ்டிக்கர் ஏன் பேர்ணுடையது? இந்த நாட்டில் யாருக்குப் பயப்படுவது என்றே தெரியவில்லையே? அடுத்த வழியால் இறங்கி யோசித்துவிட்டுப் போவோமா என்று ஐயரிடம் கேட்டேன்.

"இனி ஒழுங்கை எண்டு வாயைத் திறந்தீரெண்டா நான் இறங்கி நடப்பன். அம்மியை நீர் தூக்கிக்கொண்டு வாரும்."

மண்டபத்துக்குப் போனபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பட்டு வேட்டியோடு குகன் வாசலில் நின்றான்.

"டேய் ரவி, இந்தியாவாலை சுத்தியோ வாறாய்?"

நான் அம்மியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உள்ளே சுமதி கூறைச் சேலையோடு இருந்தாள். அழுது முடித்திருந்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை, ஐயரைத்தான் பார்த்தாள்.

"ஐயா, அம்மா அந்த நேரத்துக்குத்தானே விளக்கேத்திக் கும்பிட்டிருப்பா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு அம்மியைக் கட்டிக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கவேண்டும் போலிருந்தது. ஐயர் சுவரோரம் உட்கார்ந்து விரல் மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"பிள்ளை, உங்கடை சாத்திரியார் பாத்தது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு. இஞ்சத்தைச் சூரியன் வேறை நேரமெல்லோ உதிக்குது? இஞ்சத்தைக் கணக்குக்கு நல்ல நேரம் இப்பதான் தொடங்குது. அம்மா ஏத்தின விளக்கு இன்னும் எரிஞ்சுகொண்டுதான் இருக்கும். தாலியை எடுங்கோ."

அந்தக் கணக்கு சரியா என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. சுமதி எழுந்து மணவறைக்குப் போனாள்.

சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் குகனின் ஹோட்டல் முதலாளி. முன்பு நகரசபையில் இருந்த மனிதர். ஏன் பிந்தினாய் என்று கேட்டார். நான் சொல்ல, குகன் மொழிபெயர்க்க, அவர் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அவர் சொல்லுறார், பேர்ண் காசு குடுக்கிறது மட்டும்தானாம்" என்றான் குகன். "ரோட்டைக் கட்டுறது மாநிலம், கூட்டுறது மாநிலம், பனி அள்ளுறது மாநிலம், பொலிஸ் போடுறதும் மாநிலம். ஸ்டிக்கர் காருக்காம், ஆளுக்கு இல்லையாம். ஆர் வாங்கினது எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கிறேல்லையாம்."

"அப்ப பேர்ணுக்குக் காசு எங்காலை?"

"நீ வழியிலை பெற்றோல் அடிச்சியோ எண்டு கேக்கிறார்."

"ஓம், நிரப்பினனான்."

"அதிலை ஒவ்வொரு லீற்றருக்கும் ரோட்டுக்கெண்டு எடுத்துப்போட்டாங்களாம். நீ ஓடாத ரோட்டுக்கும் நீ காசு கட்டியிருக்கிறாய். நீ ஒளிச்சுப்போன அந்த மலை ரோட்டுக்கும் பேர்ண் ஒரு பங்கு குடுக்குதாம்."

முதலாளி மேலும் என்னவோ சொன்னார். குகன் சிரித்துச் சிரித்து மொழிபெயர்க்க முடியாமல் நின்றான்.

"வின்டர்தூரிலை உனக்கு ஆர் வைத்தியம் பாக்கிறது எண்டு கேக்கிறார்."

இப்போது என் காரில் வழிகாட்டுகிற கருவி இருக்கிறது. அதில் நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் போகிற வழியையும் கேட்கலாம். என் பிள்ளைகள் அதற்கு 'அப்பா வழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குகன் வீட்டிலும் அதே பெயர்தான். அவனும் சுமதியும் சண்டை பிடித்தால் இருவரும் முதலில் ஏசுவது என்னை. பாலா ஐயர் எந்தக் கலியாணத்தில் என்னைக் கண்டாலும், நான் கேட்காமலே, தான் ரெயினில் வந்ததாகச் சொல்லுவார்.

அன்று பின்னேரம் வின்டர்தூருக்குப் பெரிய ரோட்டாலேயே திரும்பினோம். வழி முழுக்க ஒருவரும் எங்களை மறிக்கவில்லை.