கதவில் முகம் உள்ள வீடுகள்

இரண்டு பெரிய முதுகுப்பைகள் தோன்சோவின் வாசலைக் கடந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டின. பைகளுக்குக் கீழே கால்கள் இருந்தன. மேலே முகங்களும் இருந்திருக்கும், தோன்சோ பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

"இங்க வாங்க! கட்டில் இருக்கு! சுடுதண்ணி இருக்கு!" என்று வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினார்.

ஒரு பை திரும்பியது. தூறலில் நனைந்த பையன் ஒருவன் மிகுந்த கனிவோடு கையசைத்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த தாளைச் சுட்டிக்காட்டினான். வெள்ளைத் தாள், கறுப்புக் கட்டம், நடுவில் மின்கோவின் முகம்.

மின்கோ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கதவு திறந்தது. மின்கோவின் மனைவி பென்கா கறுப்புத் தலைத்துணியோடு வெளியே வந்து, இருவரையும் பையோடு சேர்த்து அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவின் வாசனை தெருவைத் தாண்டி வந்து தோன்சோவின் மூக்கில் நின்றது. அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

கர்வான்தோல் ஊரில் யார் செத்தாலும் இப்படித்தான். கதவில் ஒரு தாள், பஸ் நிறுத்தத்தில் ஒரு தாள், கைக்கு எட்டும் மின்கம்பத்தில் எல்லாம் ஒரு தாள். அதோடு முடியாது. நாற்பதாம் நாளுக்கு ஒன்று, அரையாண்டுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று அதே முகம் மறுபடி மறுபடி வரும். மனிதர்கள் கிழிக்கக் கூடாது. மழைதான் கிழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பூட்டியாயிற்று. ரயிலை நிறுத்தியாயிற்று. பிள்ளைகளெல்லாம் ஜெர்மனியில் யாருக்கோ பாத்திரம் கழுவுகிறார்கள். ஊரில் நடமாடுகிறவர்களைவிடச் சுவரில் இருப்பவர்கள் அதிகம். பஸ்ஸை விட்டு இறங்குகிறவனை வரவேற்பதும் அவர்கள்தான்.

இப்படிப்பட்ட ஊரில் தோன்சோ விடுதி ஆரம்பித்தார். ரயில் நின்றதும் ரயில்வே வேலை போனது. அம்மா விட்டுப்போன வீடு இருந்தது. அறைகளில் இரண்டடுக்குக் கட்டில்களைப் போட்டார். வீட்டில் பாதி, தலைநகர் சோபியாவில் இருக்கும் அக்கா வெலிச்காவுக்குச் சொந்தம். அவள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அக்டோபர் கடைசி, திமித்ரி நாள் வரைக்கும் டைம் தர்றேன்டா. அதுக்குள்ள கட்டில் நிரம்பலன்னா வீட்ட வித்துடுவேன். நீ இங்க வந்து எங்க சமையக்கட்டு சோபாவுல படுத்துக்கோ. உங்க மாமா விடியறதுக்கு முன்னாடியே வந்து வாய் கொப்பளிப்பாரு. அங்கதான் கொப்பளிப்பாரு. பொறுத்துக்கோ."

தோன்சோவுக்கு அந்தச் சத்தம் இப்போதே கனவில் கேட்க ஆரம்பித்திருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் அவர் சொன்ன ஒரு பொய். போன இலையுதிர் காலத்தில் அவருடைய முதல் விருந்தாளி வந்து இறங்கினாள். லீஸ்பெத் என்ற டச்சுப் பெண். பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதி வரைக்கும் சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இவங்கல்லாம் யாரு? எல்லாக் கதவுலயும் முகம் முகமா இருக்கே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. கடைசி பஸ்ஸும் புறப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"இவங்க எங்க ஊருல விருந்து வைக்கிறதுல பேர் எடுத்தவங்கம்மா," என்றார் தோன்சோ. "கதவுல முகம் இருந்தா, உள்ள யார் வேணா வரலாம்னு அர்த்தம்."

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. துக்க வீட்டுக்கு யார் வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது. செத்தவர் பெயரால் ஒரு வாய் கொடுத்தே ஆக வேண்டும். வந்தவர் மறுக்கவும் கூடாது.

லீஸ்பெத் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினாள். 'ஐரோப்பாவில் யாரும் போகாத ஊர்கள்' என்று ஒரு பட்டியல். அதில் அல்பேனியாவின் ஒரு மலைக்கும் லாத்வியாவின் ஒரு சதுப்பு நிலத்துக்கும் நடுவே கர்வான்தோல் இருந்தது. 'விடுதி தேடாதீர்கள். கதவில் முகம் உள்ள வீட்டைத் தட்டுங்கள்' என்று முடித்திருந்தாள்.

கோடையில் முதுகுப்பைகள் வரத் தொடங்கின. நேராக முகங்களைத் தேடிப் போயின. கர்வான்தோலிலேயே முகம் இல்லாத கதவு தோன்சோவுடையதுதான். அந்த வீட்டில் சாவதற்குக்கூட ஆள் இல்லை.

மின்கோ போன பிறகு தோன்சோ துக்கம் கேட்கப் போனார். மனசு நிறைய துக்கமும் இருந்தது, கொஞ்சம் புகாரும் இருந்தது. பென்காவின் வீட்டு மேஜையைச் சுற்றி ஆறேழு வெளிநாட்டுப் பிள்ளைகள் துக்க வீட்டில் தரும், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை வழித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அடக்கத்துக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லலியே பென்கா."

"மகன் ஊர்லயே முடிச்சுட்டோம் அண்ணே. ரூசேயில. திடீர்னு ஆயிடுச்சு."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்ட சொன்னா பஸ் டிரைவர் வரைக்கும் போயிடும்னு அவரே சொல்வாரு. இருந்தவரைக்கும்." தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிடுங்க அண்ணே, அவருக்காக ஒரு வாய்."

"இந்தப் பிள்ளைங்க..."

"வாசல்ல வந்து நிக்கிறாங்க, என்ன பண்றது? நல்லா சாப்பிடுறாங்க. போறப்போ மேஜை மேல நோட்டு வச்சுட்டுப் போறாங்க. மொய்யா இருக்கும்னு நானும் எடுத்து வச்சுக்கிறேன்."

பேசிக்கொண்டே ஒரு தட்டில் பெரிய பனித்சாத் துண்டை வைத்து, பக்கத்தில் ஊறுகாய் மிளகாயும் வைத்து மாடிக்குக் கொண்டுபோனாள்.

"அது யாருக்கு?"

"அவருக்குத்தான்," என்றாள் பென்கா. கொஞ்ச நேரத்தில் வெறும் தட்டோடு இறங்கி வந்தாள்.

தோன்சோவின் கண் கலங்கிவிட்டது. பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துப்போய்த் தானே தின்றுவிட்டு வருகிறாள் போலிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி, காலிக் கட்டிலில் உட்கார்ந்து மின்கோவை நினைத்துக்கொண்டார். ரொட்டிக்கு வரிசை நின்ற காலத்தில் மின்கோதான் அவருக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பான். டயர் வரிசை, வாழைப்பழ வரிசை, பல் ஆஸ்பத்திரி வரிசை. எங்கே போனாலும் கூட்டத்தின் நடுவிலிருந்து அவன் தொப்பி ஆடும்: "டேய் தோன்சோ, இங்கடா!" எல்லா வரிசையிலும் இடம் பிடித்து வைத்தவன் இந்த வரிசையில் மட்டும் சொல்லாமல் முன்னால் போய்விட்டான்.

மறுநாள் பெரிய பலகை ஒன்றைச் செய்து, சிவப்பு எழுத்தில் 'விடுதி' என்று ஆங்கிலத்தில் எழுதி மாட்டினார். கூடவே பல்பும் போட்டார். முதுகுப்பைகள் நின்றன. பலகையைப் பார்த்தன.

"விடுதியா? விடுதி எங்க ஊர்லயே இருக்கே," என்றாள் ஒரு பெண். பலகைக்குக் கீழே தோன்சோவை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு தேனீக்காரர் வீட்டுக்குப் போனாள். தேனீக்காரர் போன வாரம்தான் மகள் ஊரில் இறந்திருந்தார். குளிருக்கு முன்னால் வயசானவர்கள் உதிர்வது வழக்கம்தான். அந்த வருஷம் கொஞ்சம் அதிகமாக உதிர்ந்தார்கள். எல்லோரும் வெளியூரில் போய் உதிர்ந்ததில் தோன்சோவுக்கு ஒரு அடக்கத்துக்குக்கூடப் போகக் கிடைக்கவில்லை.

பலகை பலிக்காமல் போனதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். பஸ் நிறுத்தத்தில் இறங்கிய இரண்டு பேரை மறித்தார்.

"தம்பிங்களா, கேளுங்க. இந்த முகமெல்லாம் செத்தவங்க!"

"செத்தவங்களா? எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்ப அந்த வீடுகள்ல போடுற சாப்பாடு?"

"கருமாதிச் சாப்பாடு!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. "கடவுளே," என்று தோன்சோவைக் கட்டிப்பிடித்தான். "இத ஏன் யாருமே எழுதல?"

அவன் எழுதினான். அடுத்த வாரத்திலிருந்து பஸ்ஸில் வேறு மாதிரிப் பிள்ளைகள் வந்தார்கள். கறுப்புச் சட்டை, கறுப்பு நகம், மூக்கில் வெள்ளி வளையம். சோகத்தில் மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள். முன்பு பஸ் பாதிதான் நிரம்பியது. இப்போது முழுசாக நிரம்பியது. ஊரிலும் ரொட்டிக்கடைக்காரரின் அண்ணன், பழைய தபால்காரர் என்று சாவும் நிற்கவில்லை.

இனி ஒரே வழிதான். தோன்சோ மாதா கோயிலுக்கு எதிரே இருந்த ஸ்லாவ்காவின் அச்சுக்கடை ஜன்னலுக்குப் போனார். ஊரின் எல்லா முகங்களையும் அச்சடிப்பவள் அவள்தான்.

"அம்மாவுக்கு ஒரு தாள் போடணும் ஸ்லாவ்கா. இருபதாம் ஆண்டு நினைவு."

"இருபது போன வருஷமே ஆயிடுச்சு அண்ணே. நீங்கதான் மறந்துட்டீங்க. இருபத்தொண்ணுன்னு போடவா?"

"போடு," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

அம்மாவின் படம் ஒன்றுதான் இருந்தது. கூட்டுப்பண்ணை அடையாள அட்டைக்கு எடுத்தது. யாரோ பன்றியைத் திருடிவிட்டதாகவும், திருடியது நீங்கள்தான் என்று தெரியும் என்பதாகவும் அம்மா அதில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை ஒட்டிய அன்றே ஒரு பெண் வந்தாள். பெயர் அய்னோ, பின்லாந்துக்காரி, உச்சி முதல் பாதம் வரை கறுப்பு. பனித்சா செய்யத் தெரியாததால் தோன்சோ டின் பீன்ஸைச் சுடவைத்து வைத்தார். அடி பிடித்துவிட்டது.

"எப்படிச் செத்தாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள் அய்னோ.

"ஆஸ்பத்திரியில."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"'ஜன்னலச் சாத்துடா'ன்னாங்க."

"நீங்க?"

அன்று தோன்சோ ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்தப் போகலாம் என்று நினைப்பதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்; திரும்பி வந்தபோது அம்மா போயிருந்தாள். இருபத்தொரு வருஷமாக வராத அழுகை, பீன்ஸ் தட்டின் மேல் வந்தது. நிறுத்த முடியவில்லை. அய்னோ கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பென்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் எழுதிய விமர்சனம் ஒரே வரி: 'இந்த வீட்டில் மட்டும் சாவு சாவு மாதிரியே இருக்கிறது. தவிர்க்கவும்.'

அதை யாரோ வெலிச்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். போன் வந்தது.

"அம்மா மூஞ்சியக் காட்டி கட்டில வாடகைக்கு விடுறியாடா? அதுவும் அந்தப் படத்தப் போட்டா? அம்மாவே எந்திரிச்சு வந்து செருப்பால அடிப்பா!"

"அக்கா, திமித்ரி நாள் வரைக்கும்..."

"இனி ஒரு நாள்கூடக் கெடையாது. ஞாயித்துக்கிழமை வாங்கறவரக் கூட்டிட்டு வர்றேன். பழைய டயர் போட்டு வைக்க எடம் வேணுமாம். சோபாவ ஒழிச்சு வச்சாச்சு, கிளம்பி வா."

பின்னணியில் மாமா வாய் கொப்பளிப்பது கேட்டது.

தோன்சோ அம்மாவின் தாளை மழையே கிழிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார். இந்த ஊரில் ஒரு வீடு நிரம்ப வேண்டுமானால் அங்கே யாராவது சாக வேண்டும். புதுசாகச் சாக வேண்டும். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

மீசையை மழித்தார். திட்டம் இதுதான்: செத்துப்போன தோன்சோவின் தம்பி, அண்ணனின் விடுதியைக் கவனித்துக்கொள்ள வர்னாவிலிருந்து வந்திருக்கிறார். இரண்டு நாள் தாங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை அக்கா வரும்போது கட்டில்கள் நிறைந்திருக்கும். அவளுக்கு முன்னால் செத்தவனாக இருப்பதா உயிரோடு இருப்பதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ரயில்வே சீருடையில் எடுத்த பழைய படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தூறலில் நடந்தார். சுவர்களிலிருந்து தெரிந்த முகங்கள் பார்த்தன. தேனீக்காரருக்குத் தலையசைத்தார். தபால்காரருக்குத் தொப்பியைத் தூக்கினார். மின்கோவின் தாளுக்கு முன்னால் மட்டும் நின்று, ஈரத்தில் எழும்பியிருந்த ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"வர்றேன்டா," என்றார்.

அச்சுக்கடை ஜன்னலில் ஸ்லாவ்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள். தோன்சோ படத்தை உள்ளே தள்ளினார். மழித்த உதட்டில் குளிர் அடித்தது.

"அண்ணன் தவறிட்டாரும்மா. நேத்து. அடக்கம் வர்னாவுல முடிஞ்சிடுச்சு. நான் தம்பி."

ஸ்லாவ்கா படத்தைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"தோன்சோ அண்ணே, இந்த ஜன்னல் நெசமாவே செத்தவங்களுக்கு. உயிரோட இருக்கறவங்களுக்குப் பின்பக்கம் தனி வரிசை. சீக்கிரம் போங்க, மின்கோ அண்ணன் உங்களுக்கும் சேத்து இடம் பிடிச்சு வச்சிருக்காரு."