சாவிவேந்தர் மூன்று இலக்கம் காத்த படலம்

பீரோக்கள் பணிய, பெட்டகங்கள் வாய்பிளக்க, தொலைத்தவர் துயர் துடைத்து, மறந்தவர் மானம் காத்து, கடைத்தெரு முனையில் ஓராள் மட்டுமே உட்காரக்கூடிய தகரக் கடையில் அரமும் கையுமாக அரசோச்சிய சாவிவேந்தர் வாழ்க! அவர் மூக்கு நுனியில் தொங்கிய கண்ணாடி வாழ்க! அவர் தலைக்குமேல் ஆணிதோறும் கொத்துக் கொத்தாய்த் தொங்கி, காற்றடித்தால் கலகலவென்று சிரிக்கும் கணக்கற்ற சாவிகளும் வாழ்க! வாழ்த்தியாயிற்று, இனி அவர் பட்ட பாட்டைச் சொல்லலாம்.

போர் மூண்ட காரணம் இது. வேந்தரின் மாளிகையில், அதாவது இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கொண்ட மாடி வீட்டில், நெடுங்காலம் சுழன்றுழைத்த துணி துவைக்கும் இயந்திரம் ஒரு காலைப்பொழுதில் பெருங்குரலெடுத்து அலறி, அடுப்படி வரை நுரை கக்கி, ஆவி துறந்தது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் குருதியை நாள்தோறும் கண்டும் கலங்காத அவர் தேவியார், கணுக்காலளவு நுரையில் நின்றபடியே ஆணை பிறப்பித்தார்.

"புது மெஷின் வர்ற வரைக்கும் துணி உங்க பொறுப்பு. என் கோட்டு, பாப்பா யூனிஃபார்ம், போர்வை, எல்லாந்தான். எவ்வளவு சீக்கிரம் வாங்குறீங்களோ அவ்வளவு சீக்கிரம் தப்பிப்பீங்க."

அந்தோ! மயிரிழை மேடுபள்ளத்தையும் தடவியறியும் தங்கவிரல்கள் அன்றுமுதல் வெள்ளங்கிகளின் கழுத்துப்பட்டையோடு மல்லுக்கட்டின; சோப்புத்தண்ணீரில் ஊறி ஊறி வெளிறிச் சுருங்கின; அரம் பிடித்தால் வழுக்கின. தேய்த்த சாவி பூட்டில் நுழையவில்லையென்று ஒருவர் திரும்பிவந்து சண்டை போட்டபோது வேந்தருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அப்போதே கைபேசியை எடுத்தார், வலைவீதியில் இறங்கினார்.

அங்கே ஒரு கடை, பாதி விலை என்று கொட்டை எழுத்தில் கூவி அழைத்தது. அழைத்த கடைக்குள் நுழைந்தவர், பெயரைக் கொடுத்தார், கைபேசி எண்ணைக் கொடுத்தார், கடன் அட்டையின் முகத்திலிருந்த நீண்ட எண்ணையும் கண்ணாடியை ஏற்றி ஏற்றி இறக்கிப் பார்த்துத் தட்டினார். கடைசியாக, அட்டையின் முதுகிலிருக்கும் மூன்று இலக்கத்தைக் கேட்டது அந்த மாயக்கடை. கேட்டதுதான் தாமதம், பரம்பரைப் பூட்டுக்காரரின் இரத்தம் கொதித்தெழுந்தது. கைபேசியை அணைத்துக் கல்லாப்பெட்டிமேல் குப்புறக் கவிழ்த்தார். வீட்டு வாசலை விரியத் திறந்துபோட்டுவிட்டுச் சன்னலுக்குத் தாழ் போட்ட அந்த வெற்றியில் அவர் தோள்கள் பூரித்தன.

பூரிப்போடு நின்றாரா? இல்லை. பக்கத்துக் கடைக் கடிகாரக்காரரைச் சாட்சியாக வைத்து வேந்தர் முழங்கினார்: "திறக்க முடியாத பூட்டுன்னு உலகத்துல ஒண்ணு கிடையாதுங்க. நானே திறந்துருவேன். அதனால நம்பரே இருக்கக் கூடாது!"

முழங்கியவாறே அட்டையைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, நுண்ணரம் எடுத்து, அம்மூன்று இலக்கத்தையும் ஒரேயடியாய்த் தேய்த்தெடுத்தார். மறந்துவிடுவோமே என்ற அச்சம் உங்களுக்கு வரலாம், அவருக்கு வரவில்லை. வெட்டாத வெறுஞ்சாவி ஒன்றை எடுத்தார். முதல் இலக்கம் எத்தனையோ அத்தனை முறை தேய்த்து முதற்பல். இரண்டாவதற்கு இரண்டாம் பல். மூன்றாவதற்கு மூன்றாம் பல். இவ்வாறு தம் இரகசியத்தை எழுத்தின்றி, மையின்றி, இரும்பிலே பொறித்து, தலைக்குமேல் தொங்கிய சாவிக்காட்டுக்குள் அந்தச் சாவியையும் ஒன்றாய் மாட்டினார். எத்தகைய கள்வன் வந்தாலும் சாவியைக் காண்பானேயன்றி எண்ணைக் காண்பானோ?

கடிகாரக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார். "அந்தச் சாவிக்கு ஏதாவது அடையாளம் வச்சீங்களா?"

"அடையாளம் வச்சா அப்புறம் அதுல என்னங்க ரகசியம்?"

மறுநாள் பிற்பகல், வெயிலில் தகரம் முனகும் வேளையில், பகைவன் படையெடுத்தான். தேரில் வரவில்லை, கைபேசியில் வந்தான். தேனினும் இனிய குரலினன், எதிராளியின் பதற்றத்தை உண்டு வாழும் தொழிலினன். அட்டையின் நீண்ட எண்ணை ஓரிலக்கம் பிசகாமல் ஒப்பித்தான். நேற்று மாயக்கடையில் அதைத் தட்டிக்கொடுத்தவர் தாமேயென்பது வேந்தர் நினைவுக்கு வரவேயில்லை.

"சார், பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க கார்டை வச்சு யாரோ இப்ப வாஷிங் மெஷின் வாங்கிக்கிட்டு இருக்காங்க சார். உடனே நிறுத்தணும்னா பின்னாடி இருக்குற மூணு நம்பரைச் சொல்லுங்க."

வாஷிங் மெஷின்! என் இயந்திரம் எவன் வீட்டிலோ சுழல்வதா? மதம் பிடித்த யானைபோல் எழுந்தார் வேந்தர். தகரத்தில் தலை இடித்தது. நேற்றைய சபதமெல்லாம் காற்றில் பறந்தது. கேட்டதைக் கொடுத்துவிடத் துடித்தார்.

"பின்னாடி இல்லீங்க. சாவியில இருக்கு."

"எந்தச் சாவில சார்?"

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். வச்சிடாதீங்க!"

அதன்பின் நடந்ததை என்னென்பது! ஆணியிலிருந்து கொத்துகள் பொழிந்தன, தரையெங்கும் இரும்புமழை, நடுவே மண்டியிட்ட வேந்தர் ஒவ்வொரு சாவியின் பல்லையும் தடவித் தடவி இலக்கம் கூவினார். பீரோச் சாவி ஓரெண் சொன்னது. சைக்கிள் சாவி வேறெண் சொன்னது. யாரோ வாங்க மறந்த அஞ்சல்பெட்டிச் சாவி முற்றிலும் புதிதாய் ஒன்று சொன்னது. சோப்பில் ஊறிய விரல்களுக்கு எல்லாப் பல்லும் ஒன்றாகவே பட்டன. கள்வனோ, கலங்காத வேட்டைக்காரன், சொன்னதையெல்லாம் போட்டுப் பார்த்தான், போட்டதெல்லாம் பொய்த்தன.

"இதுவும் வேலை செய்யல சார்."

"அப்ப இது ஸ்கூட்டர் சாவியா இருக்கும். இருங்க, அடுத்ததைச் சொல்றேன்."

"யோவ், என்னய்யா விளையாடுறியா?" தேன்குரல் திரிந்தது. தொடர்பு அறுந்தது. கள்வன் புறமுதுகிட்டான்.

அக்கணமே, வேலை முடிந்து வீடு திரும்பும் தேவியார் கடை வாசலில் தோன்றினார். சாவிக்கடலில் மண்டியிட்டிருந்த கணவரைப் பார்த்தார். நடந்தது முழுவதையும் கேட்டார்.

"பேங்க் எந்தக் காலத்துலங்க அந்த நம்பரைக் கேட்டிருக்கு? யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுங்க, அவ்வளவுதான் விஷயம். இதுக்கு எதுக்கு அரம்?"

அவர் குரலில் கோபத்தைவிட அயர்ச்சியே மிகுந்திருந்தது; அதுதான் வேந்தரை அதிகம் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பூட்டுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர், கள்வனுக்குத் தாமே கதவு திறக்கப் போனாரே!

"சரி விடுங்க. நல்ல கடையா பார்த்து ஒரு மெஷின் எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கே பணம் கட்டிடலாம்னு கார்டுக்காகத்தான் வந்தேன்."

அப்போது கைபேசி மணியோசை எழுப்பியது. உண்மையான வங்கியின் உண்மையான ஓலை. தவறான இலக்கங்கள் அடுத்தடுத்து இடப்பட்டமையால் அட்டை முடக்கப்பட்டது என்றது. தேவியார் அங்கேயே நின்று வங்கியை அழைத்துப் பேசினார். பணம் ஒரு காசும் போகவில்லை. பழைய அட்டை இனி உதவாது. புதிய அட்டை வீடு தேடி வரும், ஆனால் நாளாகும்.

ஆகவே, வையத்தீரே, கேட்பீராக! கள்வனாலும் அறியவொண்ணாதபடி, காதல் மனையாளாலும் அறியவொண்ணாதபடி, காத்தவர் தம்மாலும் அறியவொண்ணாதபடி அம்மூன்று இலக்கத்தையும் இரும்புக்காட்டில் என்றென்றைக்கும் ஒளித்துவைத்த ஈடிணையற்ற காவலர், எதிரியை வாளின்றி வேலின்றி வெறும் குழப்பத்தாலேயே குப்புறத் தள்ளிய குலவிளக்கு, சிதறிய சாவிகளைப் பொறுக்கி ஆணியில் மாட்டி, கடைக்கதவைப் பூட்டி, பூட்டை மும்முறை இழுத்துப் பார்த்து, வெற்றித் திருமகளும் தேவியாரும் முன்னே நடக்க, தலை நிமிராமல் மாளிகை சேர்ந்தார்.

அன்று சாயங்காலமும் துணி துவைத்தது அவர்தான்.