நுரைநாட்டுப் பாவாயியின் செப்புப் பாய்லர்

ஏழு குன்றுகளுக்கு நடுவே நுரைநாடு என்றொரு நாடு இருந்தது. பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். அங்கே சோப்பை அரை நாழிகை தேய்த்தாலும் நுரை வராது. குன்றுகள் எல்லாம் சுண்ணாம்புக் கல். அதில் ஊறி வரும் தண்ணீர் பருப்பை வேகவிடாது, துணியை வெளுக்கவிடாது. சூடு கண்ட பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்காக உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மறுக்கும்.

கிடைக்காத பொருளின் மேல்தானே மனிதருக்கு ஆசை. எனவே அந்நாட்டார் தங்கள் அரசரையும் நுரையை வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நுரைத் திருநாள் வரும். அரண்மனைத் தொட்டியை மைதானத்துக்குக் கொண்டுவந்து, சோப்பைக் கரைத்துக் கலக்குவார்கள். நுரை நான்கு விரல்கடை எழுந்தால் அதே அரசர் தொடர்வார். எழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மன்னர் மென்புனலார் இப்படி இரண்டு முறை வென்றவர். வீட்டுக்கு வீடு ஓர் உப்புச் சாடி வைக்க வேண்டும் என்பது அவருடைய முதல் ஆணை. வாரம் ஒரு மூட்டை உப்புப் போட்டால், வழியே வரும் தண்ணீரின் சுண்ணாம்பைச் சாடி பிடித்துவைத்துக்கொள்ளும். நுரை வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சாடியைக் கழுவிவிட்ட உப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி முருங்கையும் வாழையும் கருகின. உடனே இரண்டாவது ஆணை வந்தது: கருகிய மரங்களுக்கு உரியவர்கள் பச்சை வர்ணம் பூசிவிட வேண்டும். பூசினார்கள். அந்த வர்ணக் கீரையைத் தின்று ஆடுகள் படுத்துக்கொண்டன. படுத்த ஆடுகள் ஓய்வெடுக்கின்றன என்று மூன்றாவது ஆணை சொன்னது.

இந்த நாட்டின் தெற்கு வாசலில் பாவாயி என்ற பெண் வெந்நீர்க் கொட்டகை நடத்திவந்தாள். கல் உடைக்கிறவர்கள் தலையோடு காலாகச் சுண்ணாம்புப் புழுதியோடு வந்து, அவளுடைய வெந்நீரில் குளித்து, மனிதர்களாகத் திரும்பிப் போவார்கள். அவளுக்கு என்று இருந்தது ஒரே ஒரு செப்புப் பாய்லர். கொல்லையில் முருங்கை கருகிய அன்றே உப்புச் சாடியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். ஆனால் பாய்லருக்குள் பொருக்கு இரண்டு விரல் கனத்துக்கு ஏறியது. வாரத்துக்கு ஒருமுறை உளி வைத்துத் தட்டினாள். செம்பு எத்தனை அடி தாங்கும்? ஓட்டை விழுந்தால் கொட்டகையை மூடிவிட்டுத் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

குழாய் வேலை செய்யும் அவள் கொழுந்தன் ஒச்சப்பன் ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்தான்.

"தண்ணி வர்ற குழாயில இதை மாட்டிக்கோங்க மதினி. உப்பே வேண்டாம். உள்ள பொடி மணி இருக்கு. சுண்ணாம்பு அது மேல பட்டுத் தண்ணிக்குள்ளயே மாவு மாதிரி பொடியாயிரும். பொடியானது எங்கயும் ஒட்டாது. வந்த மாதிரியே போயிரும்."

"அப்ப சுண்ணாம்பு தண்ணியிலதான் இருக்கும்?"

"இருக்கும். உங்ககிட்டப் பொய் சொல்வேனா? நுரையும் வராது."

"நுரையை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்! என் பாய்லர் பொழச்சாப் போதும்."

பாய்லர் பிழைத்தது. கடைசியாக ஒருமுறை தட்டி எடுத்த பிறகு புதுப் பொருக்கு ஏறவே இல்லை. முன்னே எரித்த விறகில் பாதியிலேயே தண்ணீர் கொதித்தது. முருங்கை அடிமரத்தில் நிஜப் பச்சையாக ஒரு துளிர் விட்டது. அதைப் பார்த்துப் பாவாயிக்கு வாயெல்லாம் பல்.

துளிர்விட்ட செய்தி அரண்மனைக்குப் போகாமல் இருக்குமா? நுரை அளவையாளர் நற்குமிழார் தந்தத்தாலான அளவுகோலோடு வந்து சேர்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரில் சோப்பைக் கலக்கினார். குனிந்தார், நிமிர்ந்தார், தொண்டையைச் செருமினார்.

"அம்மையே, அரை விரல்கடை நுரை. இது அரசின் சாதனையை அவமதிக்கும் அளவு."

"பாய்லரைத் தொறந்து உள்ள பாருங்கய்யா. கண்ணாடியாட்டம் இருக்கு."

"அடியைப் பார்க்க எமக்கு அதிகாரம் இல்லை. மேலே மிதப்பதை அளப்பது மட்டுமே எமது பணி. இப்பாய்லர் நுரைத் திருநாள் அன்று மக்கள் முன்னிலையில் உருக்கப்படும். அந்தச் செம்பில் மன்னருக்கு நுரைக் கிண்ணம் வார்க்கப்படும்."

பாவாயி அன்று உலை வைக்கவில்லை. பாய்லரைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

திருநாள் வந்தது. கல் உடைக்கிறவர்களே பாய்லரை வண்டியில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். உருக்குவதற்கு உலை தயாராக எரிந்தது. மன்னரும் பன்னிரண்டு அமைச்சர்களும் வழக்கம்போல் நாற்காலியோடு தூக்கிவரப்பட்டார்கள். பத்து வருடமாக அவர்கள் நின்று யாரும் பார்த்ததில்லை. அரண்மனையில் வெந்நீரைக்கூட நாற்காலியில் வைத்தே அவர்கள் தலையில் ஊற்றுவார்கள் என்று பேச்சு.

நற்குமிழார் தொட்டியைக் கலக்கினார். நுரை நான்கு விரல்கடை என்ன, இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். மன்னர் மகிழ்ந்துபோய், "இப்போது அந்தக் குற்றப் பாய்லரைக் கவிழ்த்து அதன் கேவலத்தை மக்களுக்குக் காட்டுக" என்றார்.

அங்கேதான் அவர் சறுக்கினார். கவிழ்த்தார்கள். உட்புறம் வெயிலில் செக்கச்செவேலென்று மின்னியது. தட்டிய உளித் தழும்புகள் தவிர ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அந்த நாட்டில் பிறந்த எவரும் இவ்வளவு சுத்தமான அடியைக் கண்டதே இல்லை. கைதட்டல் நின்றுபோயிற்று.

"அரமனைத் தொட்டியோட அடியையும் பாத்துருவமே" என்றாள் கூட்டத்திலிருந்த ஒரு கல் உடைக்கிறவள்.

"கூடாது! சட்டப்படி நுரையைக் கலைக்கக் கூடாது!" என்று நற்குமிழார் கத்தி முடிப்பதற்குள் நாலு பேர் தொட்டியைச் சாய்த்துவிட்டார்கள். நுரை வழிந்தோடியது. அடியில் ஒரு முழம் பொருக்கு. அதன் மேல் நுரை எழுப்பக் கொட்டிய பூந்திக்கொட்டை, கூடை கூடையாக. உப்புச் சாடிக்கு அரண்மனையில் உப்புப் போட்டே பல வருடம் ஆகியிருந்தது. ஊருக்குத்தான் ஆணை.

மன்னர் புன்னகை மாறாமல், "அடி என்பது ஒரு கண்ணோட்டம்" என்றார்.

பாவாயி முன்னே வந்தாள்.

"தொட்டி கெடக்கட்டும் மகராசா. நீங்க எல்லாரும் பத்து வருசமா வெந்நியில நனைஞ்சுக்கிட்டு அதே நாற்காலியில இருக்கீக. கொஞ்சம் எந்திரிங்க. அதையும் பாத்துருவோம்."

முதல் அமைச்சர் இரண்டாம் அமைச்சரைப் பார்த்தார். இரண்டாமவர் மன்னரைப் பார்த்தார். மன்னர் மெல்ல அசைந்தார். நாற்காலியும் கூடவே அசைந்தது. மற்றபடி ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் ஒச்சப்பன்தான் சிரித்தான். பிறகு மைதானமே சிரித்தது.

"மதினி, இவுகளுக்கும் பெட்டியை மாட்டிருவமா?"

"இவுக ஏற்கெனவே ஒட்டிட்டாக தம்பி. இதுக்கு உளிதான். பெட்டியைச் சபை வாசல்ல மாட்டு, இனிமே வர்றவுகளுக்கு."

கல் உடைக்கிறவர்கள் இடுப்பிலிருந்த உளியை எடுத்தார்கள். பாவாயி தன் பாய்லரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் தண்ணீர் காய வேண்டுமே என்று கொட்டகைக்கு விரைந்தாள். கடைவீதி தாண்டும் வரை உளிச் சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மெதுவாகத்தான் தட்டினார்கள். நாற்காலிகள் ஊர்ச் சொத்து ஆயிற்றே.