இரண்டு பேர் வீடு

“இந்த வீட்டில ரெண்டே ரெண்டு பேர்தான். நானும் மனிசியும்” என்று அன்புராசா சொல்லி முடிப்பதற்குள் கராஜ் கதவு மேலே எழும்பத் தொடங்கியது.

குற்றவாளி வெளியாள் இல்லை. பதற்றத்தில், பொக்கற்றுக்குள் கிடந்த ரிமோட்டை அவரே அமத்திவிட்டார். கனடாவின் மில்லிக்கனில் கராஜ் கதவுகளுக்கு அவசரம் கிடையாது. முதலில் செருப்புகள் தெரிந்தன. பிறகு முழங்கால்கள். கடைசியில் பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கும் கிருபன், கையில் ரைஸ் குக்கரோடு. பின்னால் அவன் மனைவி கௌசி, மூன்று பிள்ளைகள்.

சனத்தொகைக் கணக்கெடுக்க வந்த தனுஷிகா ராப்லெற்றிலிருந்து நிமிர்ந்தாள்.

“உவை ஆர், அங்கிள்?”

“கதவு திருத்த வந்த ஆக்கள், பிள்ளை.”

“சின்னப் பிள்ளையளுமோ?”

“குடும்பத் தொழில்.”

கிருபன் நிலைமையைக் காப்பாற்ற நினைத்து, குக்கரை நிலத்தில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அன்புராசா மறுபடி ரிமோட்டை அமத்தினார். கதவு இறங்கியது, குக்கரில் முட்டியது, வந்த வழியே மேலே போனது. ஐந்து பேரும் இரண்டாம் முறையும் காட்சி கொடுத்தார்கள்.

உள்ளேயிருந்து மனைவி பேபியின் குரல் வந்தது. “இஞ்சாருங்கோ, கராஜுக்க ஒளிச்சு நிக்கிற ஆக்களுக்கும் தேத்தண்ணி ஊத்தட்டோ?”

தனுஷிகா சிரிப்பை விழுங்கினாள். “பேஸ்மென்ரை வாடகைக்கு விடப் பெர்மிட் இருக்கோ எண்டு பாக்க நான் வரேல்ல, அங்கிள். நீங்கள் சொல்லுறது ஒருத்தருக்கும் போகாது. ப்ரொமிஸ்.”

“நீர் இஞ்ச பிறந்த பிள்ளை. எண்பத்திமூண்டில கொழும்பில எங்கட வீட்டைக் கொளுத்த லிஸ்ற்றோடதான் வந்தவங்கள். ஆர் ஆர் உள்ளுக்க இருக்கினம் எண்டு வடிவாத் தெரிஞ்சுதான் வந்தவங்கள். ரெண்டு எண்டே போடும்.”

அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

போன கணக்கெடுப்பிலும் அவர் சொன்னது இரண்டுதான். தான் சொன்னதோடு விட்டாரா? கோயில் அன்னதான வரிசையில் நின்று தெருவுக்கே பாடம் எடுத்தார். “வீட்டுக்கு ரெண்டு. மிச்ச ஆக்களைக் கராஜுக்க விடுங்கோ.” சனம் அவரைக் கும்பிடாத குறை.

பேபி கைப்பையோடு வெளியே வந்தாள். டயாலிசிஸ் நாள். தெருவால் ஓடிய பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து பெரிய ரோட்டுவரை நடைதான். போன பனிக்காலம் இரண்டு தரம் விழுந்தாள். அன்புராசாவுக்குக் கண் மங்கி லைசென்ஸ் போய், காரும் போய்விட்டது. கராஜில் ஒரு குடும்பத்தையே ஒளிக்க இடம் வந்ததும் அப்படித்தான்.

“நான் மெல்ல மெல்ல நடக்கிறன். நீங்கள் வாங்கோ” என்று பேபி படியிறங்கினாள், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி.

அன்புராசாவின் குரல் தளர்ந்தது.

“பிள்ளை, நீர் அரசாங்க ஆள்தானே. உந்த பஸ்ஸை ஏன் நிப்பாட்டினவங்கள்? எத்தினை கடிதம் போட்டிட்டன், எத்தினை பேரைக் கேட்டிட்டன். ‘பரிசீலிக்கிறம்’ எண்டுறாங்கள். தமிழ்ச்சனம் இவ்வளவு பேர் இஞ்ச கிடந்து சீரழியிறது அவங்களுக்குத் தெரியேல்லையோ?”

தனுஷிகா, தெருவின் வளைவில் நின்று மூச்சு வாங்கும் பேபியைப் பார்த்தாள்.

“போன கணக்கில, இந்தத் தெருவில வீட்டுக்கு ரெண்டு பேர்தான் கிடக்கு. உந்த ரெண்டு பேருக்கு ஆர் அங்கிள் பஸ் விடுவினம்?”