நெல்லுக்கு நாடி பார்த்த சித்தர்

அந்தப் பிசான நெல் பருவத்தில் சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஏறியவர்களில் பாதிப்பேர் மடியில் நெற்பயிர் இருந்தது. வேரோடு பிடுங்கி, ஈரத்துணி சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது மாதிரி கொண்டுபோனார்கள். பயிருக்குக் காற்று வேண்டும் என்று ஜன்னலோர இடத்துக்குச் சண்டை வேறு நடந்தது.

பயிர்கள் போன இடம் ஆற்றங்கரைக் கொட்டகை. அங்கே எழுந்தருளியிருந்தார் பயிர்நாடிச் சித்தர். கழுத்தில் உருத்திராட்சம், அதற்கு மேலே ஸ்டெதாஸ்கோப். பயிரைக் கையில் வாங்கியதும் இலையை வெகு பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு கண்ணை மூடி, தண்டில் குழாயை வைத்துக் கேட்பார். நெஞ்சே இல்லாத ஒன்றுக்கு எதற்கு நெஞ்சுக்குழாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாய் பளபளவென்று இருந்தது. நம் ஆட்களுக்கு அது போதும்.

பயிர் பேசும். அவர் காதில் மட்டும் பேசும். யார் பொறாமைப்பட்டது, யார் வரப்பில் எச்சில் துப்பியது, எல்லாம் சொல்லும். இந்தச் செய்தி பரவியதும் ஊரே மாறிப்போனது. ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு நாற்றங்காலுக்குள் இறங்கினார்கள். தண்ணீர்ச் சண்டைகளைப் பயிர் கேட்டுவிடக் கூடாதென்று மதார் பாயின் டீக்கடைக்கு வந்து போட்டார்கள். ஓர் அம்மாள் மகள் கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவி வயலுக்கும் ஒன்று வைத்தாள். ஒரு பையன் கணக்கில் தேறமாட்டான் என்று பயிர் சொன்னது, அப்படியே தேறவில்லை. அவன் தேறமாட்டான் என்பது அவன் அப்பாவைத் தவிர எல்லாருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் புகழ் பயிருக்குத்தான் போனது.

சித்தரின் பெரிய வித்தை சிவப்புக் கயிறு. அந்த வருஷம் குலைநோய் வந்து நெல் இலைகளில் புள்ளி விழுந்திருந்தது. சித்தர் சில வயல்களில் நாலு மூலைக்கும் கயிறு கட்டினார். அங்கே புள்ளி நின்றுவிட்டது. வேறு சில வயல்களுக்கு, "பாவம் முத்திட்டு, கயிறு தாங்காது" என்று கையை விரித்தார். அந்த வயல்கள் கருகின. அவர் கட்டிய கயிறு ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. அம்மையப்பன் வயலுக்குக் கையை விரித்தார், வயல் கருகியது. அம்மையப்பனோ சாமி வாக்கு பலித்துவிட்டதென்று பூரித்து, தலைமைச் சீடராகவே சேர்ந்துவிட்டார்.

இதில் மாட்டிக்கொண்டவள் பிரம்மநாயகி. ராதாபுரத்திலிருந்து போன தை மாதம் கல்யாணமாகி வந்தவள், கணவன் மகேஸ்வரன். அவன் பயிரைத் தூக்கிக்கொண்டு போனபோது கூடப்போனவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் ஒன்று கேட்டுவிட்டாள்.

"கண்ணுல ஒத்துததுக்கு இம்புட்டு நேரமா சாமி? எழுத்துக்கூட்டிப் படிக்க மாதிரில்லா பாக்கீங்க."

சித்தர் சிரித்தார். குழாயை வைத்தார். பயிர் அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாகப் பேசியது. வறண்ட பனங்காட்டு மண்ணை மிதித்து வளர்ந்த கால் ஒன்று நஞ்சையை மிதித்ததால்தான் இந்தப் புள்ளியாம். கயிறு கட்டலாம், ஆனால் அந்தக் கால் அறுப்பு முடியும்வரை பிறந்த வீட்டில் இருக்க வேண்டுமாம்.

ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. ராதாபுரத்தில் மழை பெய்யாததற்கும் அவளே காரணமாக இருக்கலாம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. மகேஸ்வரன் நல்லவன், நல்லவன் என்றால் யார் சொன்னாலும் கேட்பவன். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு மனைவியை அனுப்புவதாகச் சொல்லிவிட்டான். டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்தது. அறுப்பு முடிந்தபின் கூப்பிடுவார்களா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மகேஸ்வரனின் தங்கை வேணிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பகலில் டவுனில் ஒரு நகலகத்தில் வேலை, சாயங்காலம் மாலைக் கல்லூரியில் தாவரவியல். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள்; சரியாக இருந்தால் மூன்றாவது தடவை சந்தேகப்படுவாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

வகுப்பில் படித்தது அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கிருமி நுழைந்ததும் எதிர்ப்புள்ள பயிர் சும்மா நிற்பதில்லை. நுழைந்த இடத்துச் செல்களைத் தானே சாகடித்துவிடும். கிருமி இரையில்லாமல் அங்கேயே அடைபடும். சுற்றிலும் சுவரைத் தடிப்பாக்கும். அதற்கான சரக்கு ஃபீனைல்அலனின் என்கிற அமினோ அமிலம். சாதாரண நாளில் புரதம் கட்ட வைத்திருப்பதை எடுத்து, சுவருக்கான பொருளாகவும் கிருமிக்கு விஷமாகவும் மாற்றிவிடும். கல்யாணத்துக்கு நட்ட பந்தக்காலைப் பிடுங்கி வாசலை அடைத்து, திருடனை உள்ளேயே வைத்துப் பூட்டுகிற மாதிரி. வெளியே தெரிவது குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். எதிர்ப்பில்லாத ரகத்தில் புள்ளி கண் வடிவத்தில் நீண்டு, நடுவில் சாம்பல் பூத்துப் பரவும்.

ஆக, குண்டூசிப் புள்ளி பயிர் ஜெயித்த புள்ளி. கண் வடிவப் புள்ளி தோற்ற புள்ளி. இலையை ஒரு தடவை உற்றுப் பார்த்தவனுக்கு எந்த வயலுக்குக் கயிறு கட்டலாம் என்று தெரிந்துவிடும்.

அப்படியென்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வது எதற்கு?

வேணி உடனே துள்ளவில்லை. ஒருவேளை நாம்தான் தப்பாகப் படித்தோமோ என்று பாடத்தை மறுபடி படித்தாள். அண்ணன் வயலின் நாலு மூலையிலும் கயிறு கட்டியிருந்தது. கயிறே கட்டாத பக்கத்து வயலிலும் அதே ரகம்தான். இரண்டிலும் இலைப்புள்ளிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எங்கேயும் புள்ளி வட்டத்தைத் தாண்டவில்லை. அம்மையப்பனிடம் சொன்னாள்.

"சாமி சக்தி வரப்புத் தாண்டிப் போயிருக்கும்" என்றார் அவர்.

ஆற்றுக்கு அந்தப்பக்கத்து வயலிலும் நின்றிருக்கிறதே என்றாள்.

"தண்ணி வழியா போயிருக்கும்மா."

இந்த ஆளிடம் கணக்குக் காட்டிப் பிரயோஜனமில்லை என்று வேணிக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை. கொட்டகையில் நிற்க இடமில்லை. வேணி மூன்று பழைய பெயிண்ட் டப்பாக்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். மூன்றின் மேலும் சாக்கு மூடியிருந்தது. குழாய் நுழைய ஓர் ஓட்டை மட்டும்.

"சாமி, வெளியூர்க்காரங்க சிலபேரு சந்தேகப்படுதாங்க. மூடியிருந்தாலும் ஒங்க காதுக்குக் கேக்கும்னு காட்டிட்டா அவங்க வாயை அடைச்சிரலாம்லா?"

சித்தர் முகம் லேசாகச் சுருங்கியது. இலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நாடி பார்ப்பது மரபில்லை என்று ஆரம்பித்தார். கெடுத்தது அவருடைய சீடர்தான்.

"சாக்கு என்ன சாக்கு! சுவத்துக்கு அந்தப்பக்கம் வச்சாலும் சாமிக்குக் கேக்கும்வே" என்றார் அம்மையப்பன். கூட்டம் கைதட்டியது. பக்தர்களிடமிருந்து தப்பிப்பது எந்தச் சாமிக்கும் கஷ்டம்.

முதல் டப்பாவில் குழாய் நுழைந்தது. பாவம் முற்றிய பயிர், தேறாது என்றார். இரண்டாவதைக் கேட்டார். தங்கமான பயிர், ஒரு கயிறு போதும் என்றார். மூன்றாவதுக்கு வந்தபோது வேணிக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் அந்த மூன்றாவது டப்பாவில் அவளே காது வைத்துப் பார்த்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் தன் காதில்தான் கோளாறோ?

சித்தர் வெகுநேரம் கேட்டார். கண்ணோரம் நீர் கட்டியது.

"அழுது... பச்சைப் பிள்ளையா அழுது. ஒரு பொம்பளை கை தெனம் தன்னைத் தொட்டுச் சித்திரவதை பண்ணுதுன்னு சொல்லுது. பனங்காட்டுக்காரி கை."

கூட்டம் வேணியோடு வந்திருந்த பிரம்மநாயகியைப் பார்த்தது. வேணி சாக்குகளை உருவினாள்.

முதலாவதில் மகேஸ்வரன் வயல் பயிர், குண்டூசிப் புள்ளியோடு நன்றாக நின்றது. இரண்டாவதில் அம்மையப்பன் வயலின் கருகிய பயிர். மூன்றாவதில், மண்ணில் குத்தி நிறுத்திய, வீடு கூட்டுகிற வாரியல்.

பிரம்மநாயகிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சாமி சொன்னது நெசந்தான். தெனமும் நான்தான் தொடுதேன். ரெண்டு தரம் கூட்டுதேன், அழத்தான் செய்யும்."

மதார் பாய் டீக்கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு கொட்டகையின் பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பியது. அம்மையப்பன் மட்டும் தன் கருகிய பயிரையும் சித்தரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தங்கமான பயிரா வே? நீருதான இதை ஆகாதுன்னீரு?"

சித்தர் பதில் சொல்ல அங்கே இல்லை. மத்தியான பஸ்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். குழாய் காதிலேயே மாட்டியிருந்தது. பின்னால் வந்த வசவுகள் அத்தனையும் துல்லியமாகக் கேட்டிருக்கும்.

மகேஸ்வரன் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனான். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"பைய வையுங்க, இடிக்காம" என்றாள் அவள். "உள்ள எங்கம்மா குடுத்த கருப்பட்டி இருக்கு. பனங்காட்டுக் கருப்பட்டி. ஒங்களுக்கு ஆகுமான்னு வாரியல்ட்ட கேட்டுட்டுத் திங்கணும்."

இத்தோடு முடிந்தது என்றுதான் வேணி நினைத்தாள். மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் பத்துப் பதினைந்து பேர். ஒருத்தி கையில் கதம்பம், இன்னொருத்தி கையில் குங்குமச் சிமிழ். சித்தர் போலிதான், அதில் சந்தேகமில்லையாம். ஆனால் அவரைப் பிடித்துக்கொடுத்த அந்த வாரியலில் ஏதோ சக்தி இருக்கிறதாம். ஒரு தரம் கும்பிட்டுவிட்டுப் போகிறோம் என்றார்கள். முன்வரிசையில் அம்மையப்பன்.

பிரம்மநாயகி வாரியலோடு வெளியே வந்தாள். கும்பிடக் கை கூப்பியவர்களின் காலடியிலிருந்து ஆரம்பித்துத் தெருவரைக்கும் கூட்டித் தள்ளினாள். எல்லாரும் பின்வாங்கிப் பின்வாங்கித் தெருவுக்கே போய்விட்டார்கள்.

நெல்லுக்கு மூளை இல்லை. ஆனால் தன்னைத் தின்ன வந்தது எது என்று அதற்குத் தெரிகிறது. வந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறது. மூளையோடு பிறந்த நாம்தான், தின்ன வந்தவனுக்கு இலை போட்டு உட்காரவைத்து, நம் நாடியையும் பிடித்துப் பார்க்கச் சொல்கிறோம்.